ஐராவதத்தின் படுதா

அக்டோபர் 13, ஞாயிறு

உலக வரலாறு இன்று தொடங்குகிறது. உரக்கடைக்காரர் தைப்பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதமும் பரணில் கிடந்தது. முன்பக்கங்களில் எலி தன் சுயசரிதையைக் கடித்து முடித்துவிட்டது. மிச்சம் என்னுடையது.

நான் தவசி. உச்சிப்புலம் என்னும் மலைக்கிராமத்தின் போக்குவரத்து அமைச்சர், ஓட்டுநர், நடத்துநர், வண்டி தள்ளுநர். என் அரசாங்கம் ஒரே ஒரு ஜீப். பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. அது போகாத போர் இல்லை. அது வந்து சேரத் தாமதமானதால் இரண்டு போர்களைத் தள்ளி வைத்தார்கள் என்று கேள்வி. இந்திரனின் யானை என்று அதற்கு ஐராவதம் எனப் பெயர் வைத்தது நான்தான். யோசித்து வைத்திருக்க வேண்டும். மழைக்கு அதிபதி இந்திரன். தன் யானைதானே என்று உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

நேற்றுப் பெய்ததை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். ஏலக்காய்த் தோட்டத்துத் தவளைகள் மேட்டில் இடம் கேட்டு என் வாசலுக்கு வந்தன. காலையில் வண்டிக் கதவைத் திறந்தேன். ஒரு குளம் என் காலில் விழுந்து வணங்கியது.

முன்கண்ணாடி ரப்பர் வழியாக ஓர் அருவி. கதவின் மேல்விளிம்பில் ஓர் அருவி. கூரைப் படுதாத் தையல் நெடுகச் சாரல். தரைத்தகட்டு ஓட்டை வழியாகக் கீழிருந்து ஊற்று. சுற்றுலாத்துறை கேள்விப்பட்டால் வேலி போட்டு டிக்கெட் கிழிப்பார்கள்.

சிரித்தது போதும். நாளை மறுநாள் செவ்வாய். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உகந்த நாட்கள். சித்திரையிலிருந்து என் மச்சானின் ரத்தத்துக்கும் அவைதான் உகந்த நாட்கள். மச்சான் மொக்கராசு, என் ஒச்சம்மா அக்காவின் வீட்டுக்காரர். அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டன. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் எந்திரத்தோடு அவரை முடிச்சுப்போட்டு, ரத்தத்தை வெளுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்கென்று கழுத்தில் ஒரு குழாய், அதன்மேல் ஒரு கட்டு. அந்தக் கட்டு நனையக் கூடாது. ஆவணியில் ஒருமுறை வண்டிக்குள் ஒழுகி நனைந்துவிட்டது. கிருமி ஏறிக் குளிர்க்காய்ச்சலில் மனிதர் கட்டிலையும் சேர்த்து ஆட்டினார். எமன் வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் திரும்பிப் போனான்.

அன்றைக்கு அக்கா ஒரு சட்டம் போட்டாள். மச்சான்மேல் ஒரு சொட்டு விழுந்தால் வண்டி எந்த வளைவில் நின்றாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஆக, மச்சானின் ஆயுசு இப்போது ஐராவதத்தின் படுதாவில் இருக்கிறது. படுதாவோ என் பழைய பனியனைவிடக் கொஞ்சம் மோசம்.

அக்டோபர் 14, திங்கள்

முறையான வைத்தியம் இதுதான்: படுதாவைக் கழற்றிக் கீழே தையற்காரரிடம் கொடுத்து, நைந்த இடத்தில் புதுத் துணி வைத்துத் தைத்து, தையல்மேல் மெழுகு தேய்ப்பது. காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்கும். முன்பக்கத் திருகுகளை நான் தளர்த்திக்கொண்டிருந்தபோது அக்கா விளக்குமாற்றோடு வந்தாள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம். கீழே ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறவர்கள் ஜீப்பில்தான் மேலே வருவார்கள். அப்போது படுதாவைக் கழற்றிவிடுவோம். மூடிய வண்டியில் வந்தால் உயிருக்குத் தன் மலை அடையாளம் தெரியாதாம். அதனால் மற்ற நாளில் படுதா இல்லாத ஜீப்பைக் கண்டால், யாருக்காக என்று ஊர் கேட்கும். வீட்டில் நோயாளி இருக்கும்போது கழற்றுவது, இருக்கிற ஆளுக்குப் பாடை கட்டுவதற்குச் சமம்.

“ஆள் இருக்கையில படுதாவக் கழட்டுவியாடா? வைடா ஸ்பேனர” என்றாள்.

தையற்காரருக்குக் கொடுக்கத்தான் என்றேன். அவருடைய பரம்பரையையும் சேர்த்து வைதாள். மச்சான் வாசலில் நாற்காலி போட்டு, அரைஞாண் கயிற்றில் எப்போதும் மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“கழட்டட்டும் ஒச்சு. இப்பவே கழட்டி வச்சா அன்னைக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார்.

விளக்குமாறு அவர் பக்கம் திரும்பியது. நோயாளி என்பதால் நூலிழையில் தப்பினார்.

எனவே, கழற்றாமல் அடைக்கத் தீர்மானம். பின்சீட்டில் மல்லாந்து படுத்து, மூக்கில் தார் சொட்டச் சொட்ட, தையல் தையலாக உள்ளிருந்தே பூசினேன். முன்கண்ணாடிக்குப் பழைய சைக்கிள் டியூப். தரைக்குத் தகரம். கதவுக்கு ரப்பர். அரண்மனைக் கூரையில் படம் வரைந்தவனும் இப்படித்தான் மல்லாந்து கிடந்திருப்பான். அவன் மனைவி இந்த அளவுக்கு மண்ணெண்ணெய் வைத்து அவனைத் தேய்த்திருக்க மாட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

வெற்றி. வழியெல்லாம் மழை, உள்ளே ஒரு சொட்டு இல்லை. கழுத்துக் கட்டின்மேல் அக்கா ஒரு பால் கவரைச் சுற்றி நூல் கட்டியிருந்தாள். வியர்க்கிறது, நழுவுகிறது, ஆனாலும் அவளுக்கு ஒரு நிம்மதி. மாலை போட்ட பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். தலைவருக்கு ஆவின் பால் மாலைதான் கட்டுப்படியாகும் என்றார்.

போகும்போது நான் ஒரு பொய் சொன்னால் அவர் அதற்கு மேல்மாடி கட்டுவார். திரும்பும்போது பேச்சு இருக்காது. எந்திரம் ரத்தத்தோடு பேச்சையும் வடிகட்டி வைத்துக்கொள்கிறது.

அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான் அளவு. சுற்றிலும் உலகம் முழுகுகிறது. நடுவில் மனிதர் உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 18, வெள்ளி

ஒழுகல்.

ஐந்தாம் வளைவில், சரியாக மச்சானின் தலைக்குமேல். முதல் சொட்டு தோளில், இரண்டாவது கன்னத்தில். கன்னத்துச் சொட்டை வாய்க்கு வழியவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நிப்பாட்டுடா” என்றாள் அக்கா. அந்த வளைவில் ஜீப்பைத் திருப்புவது, குடத்துக்குள் எருமையைத் திருப்புவது மாதிரி. திருப்பினேன். வீடு வரும்வரை ஐராவதத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். யானை பதில் பேசவில்லை.

அக்டோபர் 19, சனி

ஓட்டையைக் கண்டுபிடித்தேன். தையலில் இல்லை, நல்ல துணியில். கடுகு நுழையாத அளவு. பஞ்சர் ஒட்டும் பசையில் டியூப் துண்டை வைத்து ஒட்டி, மேலே தார். காக்கை கொத்தியிருக்கலாம், இலவமரத்து முள்ளாக இருக்கலாம், எதிரி நாட்டுச் சதியாகவும் இருக்கலாம். மூன்றாவதற்கே என் ஓட்டு.

மத்தியானங்களில் மச்சான் ஐராவதத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறதாம். அக்காவுக்கு அதில் சந்தோஷம். கட்டிலைவிட்டு இறங்குகிறாரே என்று. நான் ஒட்டுவதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது மாப்ளே, பேசாமல் தாஜ்மகாலுக்கும் நீயே பூசு என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை இல்லை. போனோம், வந்தோம். பக்கத்துப் படுக்கைக்காரர், சின்னமனூர் வாழைமண்டிக்காரர், வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருப்பார்கள் என்றேன். ஆமாம், ரொம்ப மேலே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு என்றார் மச்சான். அக்கா இருவரையும் முறைத்தாள்.

கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்துவிட்டால் கழுத்துக் குழாய் வேண்டாம் என்றிருந்தோம். நரம்பு ஒத்துவரவில்லை என்று இன்று மறுபடியும் சொன்னார்கள். கீழேயே அறை பிடித்துத் தங்கலாமே என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க நான் என்ன பல்லியா என்று கேட்டுவிட்டார்.

அக்டோபர் 25, வெள்ளி

ஒழுகல். ஒட்டிய இடத்துக்கு ஒரு விரல் தள்ளிப் புது ஓட்டை. ஊருக்குக் கீழே உள்ள ஆற்றோடையைக்கூடத் தாண்டவில்லை. திரும்பினோம்.

அக்கா சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மச்சான் ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்வரை தூங்கினார். இத்தனை ஆழமாக அவர் தூங்கிப் பார்த்து நாளாயிற்று.

அக்டோபர் 27, ஞாயிறு

திருப்பூரிலிருந்து அக்கா மகள் வினோதினி பேசினாள். அப்பா ஒழுங்காகப் போய்வருகிறாரா மாமா என்று கேட்டாள். போகிறாராவா? ஆஸ்பத்திரியில் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கிறார்கள், எந்திரமே எழுந்து நின்று கும்பிடுகிறது என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு, “நெசமாச் சொல்லுங்க மாமா” என்றாள். மலையில் சிக்னல் போய்விட்டது. சில நேரம் அது எனக்கு வேண்டும்போது போகும்.

அக்டோபர் 29, செவ்வாய்

தூறல்தான். தப்பித்தோம், போய்வந்தோம்.

இறங்கும்போது மச்சானின் ஊக்கு சீட்டில் விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். முனை கறுத்திருந்தது. வெற்றிலைக் கறை சிவப்பாக இருக்கும். புகையிலையை அவர் விட்டு வருசமாகிறது. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிற்று.

ஊக்கு என் சட்டைப்பையில் இருக்கிறது. அக்காவின் அஞ்சறைப்பெட்டி ஓரத்தில் கிடந்த ஊக்குகளையும் எடுத்துவந்துவிட்டேன். தையல் ஊசிகளையும். என் வீட்டில் இப்போது ஓர் இரும்புக்கடை நடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 31, தீபாவளி

அணுகுண்டு என்று விற்ற வெடி நனைந்து, பூனை தும்மியதுபோல் தும்மிற்று. மச்சான் எண்ணெய் வைக்க மாட்டேன் என்றார். அக்கா உச்சியில் ஒரு சொட்டு வைத்தாள், கழுத்துக்கு வழியாதபடி கையை அணையாகப் பிடித்துக்கொண்டு.

நவம்பர் 1, வெள்ளி

பேய்மழை. ஒழுகவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. அக்கா ஐராவதத்துக்குத் திருஷ்டி சுற்றினாள். மச்சான் போகும்போதும் பேசவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மத்தியானம் மழை விடவில்லை. மச்சான் ஐராவதத்துக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஊக்க எங்க மாப்ள வச்ச?”

எலி தூக்கிப் போய்விட்டது, அதன் மகளுக்குக் காது குத்துகிறார்களாம் என்றேன். வழக்கமாக அந்த எலிக்குத் தாய்மாமன் சீர் என்ன என்று கேட்டிருப்பார். கேட்கவில்லை. மேலே என் ஒட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாழமண்டிக்காரர் வரல. அதுக்கு முந்தி சன்னலோரத்து டீச்சரம்மா வரல. ஒவ்வொரு தடவையும் நான் வந்துட்டேன்னு நர்சம்மா சிரிக்குது. அந்தச் சிரிப்புக்காகவே போய்க்கிட்டு இருக்க முடியுமா மாப்ள? போயிட்டு வந்தா ஒரு நாள் படுக்க. மறுநா எந்திரிச்சு உக்காந்தா அடுத்தது வந்துருது. நடுவுல எனக்குன்னு நாளே இல்ல.”

நான் பேசிப் பேசிக் கழுதைக்குக் கொம்பு முளைக்கவைத்தவன். அக்காவிடம் சொல்லிவிடுங்கள் மச்சான் என்று மட்டும்தான் வந்தது.

“அவகிட்டயா? வரமாட்டேன்னு நான் சொன்னா, காலுல விழுந்து கூட்டிட்டுப் போவா. அவ காலுல விழுறதப் பாக்க என்னால முடியாது. நாளைக்கு நான் இல்லைன்னா, இந்தாளு நம்ம வேணாம்னு போயிட்டாருன்னு நெனப்பா. வண்டி ஒழுகுச்சுன்னா வண்டிய வைவா. வண்டி தாங்கும்.”

சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். “நீயும் தாங்குவ” என்றார்.

பிறகு, தண்ணீர் ஒரு மடக்கு இருக்கிறதா என்றார். அளவு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கொடுத்தேன்.

மாலையில் எலி ஊக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

ஒழுகல். மூன்றாம் வளைவு.

அக்கா இறங்கி, கொட்டும் மழையில் பானெட்டைக் கையால் அறைந்தாள். “ஒன்னைய நம்பித்தானடா ஒரு உசுரு இருக்கு” என்றாள். ஜீப்பிடம்தான் சொன்னாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் மச்சானும் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 6, புதன்

இனிமேல் பூச முடியாது, தார் டின் மூடி இறுகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். நீ எதுக்குத்தான் லாயக்கு என்றாள். அதை விளக்க இந்த டைரி போதாது.

நவம்பர் 7, வியாழன்

இன்று மச்சானுக்குச் சொந்தமான நாள். நாற்காலியை இலவமரத்துப் பக்கம் தூக்கிப்போடச் சொன்னார். மதியம்வரை வெயில் இருந்தது. சின்ன வயதில் ஒரே ஏலக்காயை ஊர்முழுக்க டீயில் போட்டுக் குடித்த கதையைச் சொன்னேன். அந்த டீ மிஞ்சி, அதில்தான் கீழே அணை கட்டினார்கள் என்றார். அக்கா முறத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பாதம் வீங்கியிருக்கிறது. வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.

நவம்பர் 8, வெள்ளி

ஒழுகல். திரும்பினோம்.

நவம்பர் 10, ஞாயிறு

முகமும் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தே இருக்கிறார். அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். விடிந்ததும் ஒழுகினாலும் சரி, முழுகினாலும் சரி, கிளம்பணும் என்கிறாள். மச்சான் மறுக்கவில்லை. மறுக்கவும் மூச்சு வேண்டும்.

இன்று பொய் எதுவும் கைவசம் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

ஆற்றோடையில் தண்ணீர் கதவுவரை வந்தது. ஐராவதம் நீந்திற்று என்று எழுதலாம். நீந்தவில்லை. முக்கி முனகித் தாண்டியது, அவ்வளவுதான்.

ஐந்தாம் வளைவுக்கு முன்னால் சொட்டத் தொடங்கியது. நான் கால் தளர்த்தினேன். “போடா” என்றாள் அக்கா. பையிலிருந்து குடையை எடுத்து, வண்டிக்குள்ளேயே பாதி விரித்து, மச்சான் தலைக்குமேல் பிடித்தாள். சொட்டு குடையில் விழுந்து அவள் புடவையில் வழிந்தது. மச்சான்மேல் ஒன்றும் விழவில்லை.

“இது மொதல்லயே தோணலையேடா எனக்கு” என்றாள். கீழே போய்ச் சேரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மச்சான் குடைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார். கையை எடுத்து அவள் முழங்கைக்குக் கீழே தாங்கலாக வைத்துக்கொண்டார். வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தாமதமாகக் கூட்டிவந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னார். வண்டி ஒழுகுச்சுங்கய்யா என்று அக்கா சொன்னாள். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

விடிகாலையில் முடிந்துவிட்டது. நேற்று இரவுப் பேருந்து பிடித்த வினோதினி, வந்து ஒரு மணி நேரம் கையைப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஐராவதத்தின் படுதாவைக் கழற்றினேன். திருகுகள் தாரில் ஒட்டிக்கிடந்தன, ஒவ்வொன்றாக நெம்பினேன். உதவிக்கு வந்த ஆம்புலன்ஸ்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மடிப்பதற்காக விரித்து உயரத் தூக்கினோம். மழை கொஞ்சம் விட்டு வெளிச்சம் வந்திருந்தது. மச்சான் உட்காரும் இடத்துக்கு நேராகத் துணி இடியாப்ப உரல்மாதிரி இருந்தது. நான் கண்டுபிடித்தவை, ஒட்டியவை, கண்டுபிடிக்காதவை. எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றின் வழியாகவும் வெளிச்சம் வந்தது.

அக்கா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள்.

“எங்கடா ஒழுகுச்சு?”

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களை அடுக்கினால் மலைக்கு இரண்டாவது பாதை போடலாம். படுதாவைச் சட்டென்று மடித்தேன்.

“தையல் விட்டுப்போச்சுக்கா. நான் ஒழுங்காத் தார் வைக்கல.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். வினோதினி என் பக்கமே திரும்பவில்லை. தாங்கும் என்றுதானே மச்சான் சொன்னார்.

மச்சானைக் கிடத்தி, மெதுவாக ஏறினோம். ஐந்தாம் வளைவில் மறுபடி தூறல். மலை முழுக்கத் திறந்து கிடந்தது; பாறைகளில் எல்லாம் வெள்ளையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சானின் நெற்றியில், கன்னத்தில், உதட்டில் தூறல் விழுந்தது. யாரும் துடைக்கவில்லை.

கழுத்தில் குழாய் இல்லை, காலையிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு சின்னப் பஞ்சுதான் ஒட்டியிருந்தது. அக்கா மடியிலிருந்து பால் கவரை எடுத்தாள். பஞ்சின்மேல் வைத்து, நான்கு பக்கமும் அமுக்கி, நூல் கட்டினாள்.

“கட்டு நனையக் கூடாதுடா” என்றாள்.

சரிக்கா என்றேன்.

உச்சிப்புலம் வரும்வரை நல்ல மழை. வண்டி இன்று ஒழுகவில்லை. ஒழுகுவதற்கு மேலே ஒன்றும் இல்லை.